தலையைத் தூக்காதே

மோசமாக அடித்த கோல்ஃப் ஆட்டக்காரருக்கு உலகம் முழுக்க ஒரே மருந்துதான் கொடுக்கிறார்கள். "தலையைத் தூக்கிட்டீங்க." பந்து எழும்பாமல் தரையோடு உருண்டால் தலையைத் தூக்கிவிட்டீர்கள். வாழைப்பழம் மாதிரி வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போனால் தலையைத் தூக்கிவிட்டீர்கள். பந்துக்கு நாலு விரற்கடை பின்னாலேயே மண்ணை வெட்டி எடுத்தாலும் அதே தீர்ப்பு. சொல்கிறவர் பக்கத்தில் பந்தடித்துக்கொண்டிருக்கும் அங்கிளாக இருக்கலாம், ஆபீஸ் சீனியராக இருக்கலாம், வாழ்நாளில் ஒரு பந்துகூட அடிக்காத மைத்துனராகவும் இருக்கலாம். சொல்வதற்கு எந்தத் தகுதியும் தேவைப்படாத தொழில்நுட்ப ஆலோசனை இது.

மூன்று வருடம் இதைக் கேட்டேன், கீழ்ப்படிந்தேன். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அடித்தேன். பந்து போன பிறகும் பந்து இருந்த இடத்தையே குனிந்து பார்த்தபடி நின்றேன், திதி கொடுக்கிறவன் பிண்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல. கழுத்து வலித்தது, கீழ்முதுகு வலித்தது. பந்து மட்டும் வழக்கம்போல வலப்பக்கத்து மரங்களுக்குள்ளேயே போனது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. அதைச் சுற்றி வளர்ந்து நிற்கும் 'குறை திருத்தும்' கலாச்சாரத்துக்கும்.

கோல்ஃபா, அது பணக்காரர்கள் புல்வெளியில் நடப்பதற்குக் கண்டுபிடித்த சாக்கு இல்லையா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், பெரும்பாலும். ஊர் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கோடையில் பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானம் பச்சைப்பசேலென்று இருப்பதைப் பார்த்தால் எனக்கும் கூசும். அந்தச் சண்டை நியாயமானது, தனியாகப் போடவேண்டியது. நான் எந்த கிளப்பிலும் மெம்பர் இல்லை. டிரைவிங் ரேஞ்சில் ஒரு வாளிப் பந்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அடிக்கிறவன். மெம்பராக இருக்கும் சக ஊழியர் ஒருவரின் விருந்தாளியாக மாதம் ஒருமுறை மைதானத்துக்குள் போகிறவன். இந்த ஆட்டத்தில் என்னைப் பிடித்து வைத்திருப்பது அதன் கொடூரமான எளிமை. கிரிக்கெட்டில் வீசியவன்மேல் பழி போடலாம், பிட்ச்மேல் போடலாம். இங்கே 46 கிராம் எடையில் ஒரு பந்து சும்மா கிடக்கிறது. அசையவில்லை. உனக்காகவே காத்திருக்கிறது. உன்னால் முடியவில்லை.

எனக்கு இருந்த வியாதியின் பெயர் ஸ்லைஸ். வலக்கைக்காரர் அடித்த பந்து காற்றில் வலப்பக்கமாக வளைந்து போவது. புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான். ஜலதோஷம் மாதிரி, அதனாலேயே ஆளுக்கொரு கைவைத்தியம் வைத்திருக்கிறார்கள்.

குறைகளுக்குப் பெயர் சூட்டுவதில் கோல்ஃப் உலகத்தை யாரும் மிஞ்ச முடியாது. மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வந்தால் ஓவர் த டாப். மணிக்கட்டு சீக்கிரமே விரிந்துவிட்டால் காஸ்டிங். இடுப்பு பந்தை நோக்கி முன்னே தள்ளினால் ஏர்லி எக்ஸ்டென்ஷன். அடித்தபிறகு இடது முழங்கை மடங்கி வெளியே துருத்தினால் சிக்கன் விங். எடை தவறான காலில் போய் உட்கார்ந்தால் ரிவர்ஸ் பிவட். முக்காலியில் போனை வைத்து ஸ்லோ மோஷனில் என்னையே படம்பிடித்துப் பார்த்த அன்று தெரிந்தது, என்னிடம் இவை ஐந்தும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் யூடியூபில் நூற்றுக்கணக்கான காணொளிகள். ஒவ்வொன்றிலும் பல்வரிசை சீரான ஒருவர், இந்த ஒரே ஒரு விஷயத்தை மாற்றினால் போதும் என்கிறார்.

மாற்றினேன். அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு அடித்தேன். பந்துக்கு வெளியே தண்ணீர் பாட்டிலை நிறுத்தி அதில் படாமல் அடித்தேன். சுவரில் பின்பக்கத்தை ஒட்டிவைத்து, இடுப்பு சுவரை விட்டு விலகாமல், பெட்ரூமில் மட்டையில்லாமல் சுழன்று பழகினேன் (மனைவி ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் சாத்திக்கொண்டு போனாள்). ஒரு பயிற்சி மையத்தில் பத்து வகுப்புக்குப் பணம் கட்டினேன். அங்கே என் வீடியோவை ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் வீடியோவுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டின்மேலும் மஞ்சள் கோடுகள் போட்டார்கள். அவன் கோடு இங்கே, உங்கள் கோடு அங்கே. இருபத்து நாலு வயது விளையாட்டு வீரனின் இடுப்பும், பத்து வருடம் நாற்காலியில் ஊறிய என் இடுப்பும் ஏன் ஒரே கோட்டில் நிற்கவேண்டும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பத்து வகுப்பில் ஒருமுறைகூட அந்தப் பயிற்சியாளர் பந்து எங்கே போய் விழுந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார். நானும் திரையைத்தான் பார்த்தேன்.

ப்ரொடக்‌ஷனில் ஒரு பக் வந்தால் நான் முதலில் லாகைப் பார்ப்பேன். என்ன நடந்தது என்று தெரியாமல் ஐந்து ஃபைலில் ஒரே நேரத்தில் கை வைக்கும் ஜூனியரைத் திட்டுவேன். அதே நான், வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய் ஒரே ஸ்விங்கில் ஐந்து மாற்றம் செய்துகொண்டிருந்தேன், லாகையே திறக்காமல்.

அந்த லாகை முழுசாகப் படித்திருந்தவர் ஒருவர் இருந்தார். கேடி. ஐம்பது தாண்டிய வயது, அல்சூர் பக்கத்துத் தமிழர், பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து பை தூக்குகிறவர். நண்பரோடு போகும்போதெல்லாம் எனக்கு அவர்தான். நல்லா அடித்தால் "சூப்பர் சார்", கெட்டுப்போனால் "தலை தூக்கிட்டீங்க சார்", இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. எட்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. நண்பர் போனில் ஏதோ மீட்டிங்கில் மாட்டிக்கொள்ள, நானும் அவரும் ஒரு தகரக் கொட்டகைக்கு ஒதுங்கினோம்.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க. என் ஸ்விங்ல என்னதான் தப்பு?"

"தலை கொஞ்சம் தூக்கறீங்க சார்."

"அத விடுங்கண்ணா."

மழையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "கையி சார்" என்றார்.

"கையில என்ன?"

"எடது கை பிடி. மொத நாள்லேர்ந்தே அப்படித்தான். மட்டை மூஞ்சி தொறந்துக்கினு வருது. பாலு வலது பக்கம் போவுது. நீங்க பயந்துக்கினு எடது பக்கம் இழுக்கறீங்க. இழுக்க இழுக்க இன்னும்தான் வளையும்."

"எட்டு மாசமா ஏன்ணா சொல்லல?"

"பிடியே தப்புன்னா எந்த சார் ஒத்துப்பாங்க? காசு குடுத்து கத்துக்கினு வர்றவங்க. தலை தூக்கிட்டீங்கன்னு சொன்னா எல்லாரும் ஆமா ஆமான்னுடுவாங்க. யாருக்கும் கோவம் வராது."

எனக்கு மூன்று வருடப் புதிர் அந்தக் கொட்டகையில் அவிழ்ந்தது. "தலையைத் தூக்கிட்டீங்க" என்பது நோயறிதலே இல்லை, அது மரியாதை. உங்களுக்கு எல்லாம் தெரியும், உங்கள் ஸ்விங் நல்ல ஸ்விங்தான், இந்த ஒரு நொடி மட்டும் கவனம் பிசகிவிட்டது என்று பொருள். கேட்பவரின் கௌரவம் காயப்படுவதில்லை, சொல்பவரின் டிப்ஸும் குறைவதில்லை. அங்கிள்கள் இதைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதும் இதனால்தான். யாரும் யாரையும் உண்மையில் திருத்திவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. மைதானத்தில் அதிகம் தெரிந்த மனிதர் யாரோ அவருக்குத்தான் தெரிந்ததைச் சொல்லும் உரிமை இல்லை. கேடி பாடம் எடுப்பதை அந்த கிளப்பில் யாரும் ரசிப்பதில்லை. அதற்கு ப்ரோ இருக்கிறார், அவருக்குத் தனிக் கட்டணம்.

மழை விட்டபிறகு பையை எடுத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "நீங்க அடிச்சிட்டு கீழயே பாக்கறீங்க சார். எங்க போச்சுன்னு அப்புறம் என்ன கேக்கறீங்க." உண்மை. எட்டு மாதமாக என் பந்துகள் பறந்ததை முதலிலிருந்து கடைசிவரை பார்த்த ஒரே ஆள் அவர்தான். நான் தலை குனிந்து நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்து வெறிபிடித்தவன்போலப் படித்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை, இயற்பியல்படி. பந்து எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அடிபடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. டிரைவரில் சுமார் 85 சதவீதம், அயர்ன் மட்டைகளில் சுமார் 75 சதவீதம். மிச்சம்தான் மட்டை வீசப்படும் பாதை. பந்தை நடுமட்டையில் அடித்தால் காற்றில் எந்தப் பக்கம் வளையும், எவ்வளவு வளையும் என்பது முகத்துக்கும் பாதைக்கும் நடுவிலுள்ள கோண வித்தியாசத்தைப் பொறுத்தது. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் வலப்பக்கம் வளையும். அவ்வளவுதான் ஸ்லைஸ்.

இப்போது ஸ்லைஸ் அடிக்கிறவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். பந்து வலப்பக்கம் போவதைப் பார்க்கிறான். இயல்பாகவே மட்டையை இடப்பக்கமாக இழுத்து வீசுகிறான். பாதை இடப்பக்கம் திரும்புகிறது, முகமோ திறந்தபடி அங்கேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் கூடுகிறது. பந்து இன்னும் அதிகமாக வளைகிறது. அடுத்தமுறை இன்னும் இடப்பக்கம் இழுக்கிறான். இழுக்க இழுக்க வளைவு கூடும். எட்டாம் வகுப்புத் தாண்டாத ஒருவர் ஒரு வாக்கியத்தில் சொன்ன ஃபீட்பேக் லூப் இது. நான் பொறியியல் கல்லூரியில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்துப் பாஸானவன்.

இதில் கூத்து என்னவென்றால், பல பத்தாண்டுகளாகப் பயிற்சி உலகம் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தது. பந்து மட்டையின் பாதையில் புறப்படும், பிறகு முகம் பார்த்த திசைக்கு வளையும் என்பதே பாடம். பெரிய ஆட்டக்காரர்களே அப்படித்தான் எழுதினார்கள். 2003-இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட ட்ராக்மேன் என்ற நிறுவனத்தின் டாப்ளர் ராடார் கருவிகள் ரேஞ்சுகளுக்கு வந்த பிறகுதான் விவாதம் ஒரு முடிவுக்கு வந்தது. அதுவரை தவறான விதியை வைத்துக்கொண்டு சரியாக அடித்த ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். எப்படி முடிந்தது? அவர்கள் விதியைப் பார்த்து அடிக்கவில்லை. பந்தைப் பார்த்து அடித்தார்கள். பந்து பொய் சொல்லாது.

எனக்குக் கோபம் இந்தத் தவற்றின்மேல்கூட இல்லை. அறிவியலில் தவறு நடக்கும். கோபமெல்லாம் 'ஓவர் த டாப்' போன்ற பெயர்களின்மேல். அந்தப் பெயர்கள் வியாதிகளைப்போல ஒலிக்கின்றன. உண்மையில் அவற்றில் பாதி, உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம். என் மட்டையின் முகம் ஒவ்வொரு முறையும் திறந்தே வருகிறது என்பதை என் உடம்பு எனக்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டது. நேராக வீசினால் பந்து வலப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கமே தொலையும். ஆகவே அது இடப்பக்கமாக இழுத்தது. பந்து இடப்பக்கம் கிளம்பி வளைந்து எப்படியோ புல்வெளிக்குள் வந்து விழுந்தது. அசிங்கமான வழி, ஆனால் புத்திசாலித்தனமான வழி. பாட்டிலை நிறுத்திப் பாதையை மட்டும் 'திருத்தியபோது' என்ன நடந்தது? பந்து பக்கத்து ஃபேர்வேக்குப் போனது. அடுத்த பந்திலேயே உடம்பு பழைய வழிக்குத் திரும்பியது. நான் அதை ஒழுக்கக் கேடு என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். காய்ச்சலைப் பார்த்தவுடன் பனிக்கட்டிக்குள் படுக்க வைக்கும் வைத்தியத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஜான் ஜேக்கப்ஸ் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் ராடாரெல்லாம் வருவதற்கு முன்பே இந்த வரிசையில்தான் யோசித்தார். பந்து பறப்பதைப் பார், அதிலிருந்து அடிபட்ட கணத்தில் மட்டை எப்படி வந்திருக்கும் என்று கணக்கிடு, கடைசியாக உடம்புக்கு வா. அவருக்கு டாக்டர் கோல்ஃப் என்றே பெயர். இன்றைய காணொளிகள் உடம்பில் தொடங்கி உடம்பிலேயே முடிகின்றன. கேமராவுக்கு உடம்பு தெரிகிறது, பந்து தெரிவதில்லை. காரணம் அவ்வளவு அற்பமானதாகத்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

என் பிடி எப்படித் தப்பானது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஆட்டம் தொடங்கிய முதல் வாரத்தில், எதையும் புத்தகத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்கிற நம் ஜாதிப் புத்திப்படி, பென் ஹோகன் 1957-இல் எழுதிய 'ஃபைவ் லெசன்ஸ்' வாங்கினேன். கோல்ஃப் பயிற்சி நூல்களில் மிகவும் புகழ்பெற்றது. அந்தோணி ரவியெல்லியின் கோட்டோவியங்களுக்காகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஹோகனின் பிரச்சினை ஸ்லைஸ் அல்ல, அதற்கு நேரெதிரான ஹூக். பந்து இடப்பக்கம் கொடூரமாக வளைந்துபோகும் வியாதியோடு வருடக்கணக்கில் போராடி, முகம் மூடிக்கொள்ளாமல் தடுக்கும் பிடியையும் மணிக்கட்டையும் உருவாக்கிக்கொண்டவர் அவர். அந்தப் பிடியை அவர் அடிப்படை என்று எழுதிவைத்தார். அதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் என்னைப்போல, முகம் ஏற்கெனவே திறந்து கிடப்பவர்கள். சர்க்கரை நோயாளி, ரத்தத்தில் சர்க்கரை குறைந்தவருக்கு எழுதிய சீட்டைக் கொண்டுபோய் மருந்து வாங்கிய கதை. புத்தகம் மேதையுடையது. நோயாளிதான் வேறு ஆள்.

(இலக்கியக் கூட்டங்களில் கதை வாசித்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் 'சொல்லாதே, காட்டு' என்பார். இன்னொருவர் 'வர்ணனை அதிகம்' என்பார். இரண்டும் யாரோ ஒருவர் தன் வியாதிக்குத் தானே எழுதிக்கொண்ட சீட்டு. தலை தூக்கிட்டீங்க சார்.)

தலைக்கே திரும்பி வருகிறேன். அன்னிகா சோரன்ஸ்டாம் பத்து மேஜர் பட்டங்கள் வென்றவர். டேவிட் டூவால் 2001-இல் பிரிட்டிஷ் ஓபன் வென்றவர். இருவருமே பந்தில் மட்டை படும் கணத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தலை அதற்கு முன்பே இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும். வீடியோவில் நிறுத்திப் பாருங்கள். டூவால் 1999-இல் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்தார், சோரன்ஸ்டாம் 2001-இல் அதே 59. நம் அங்கிள் இருவரையும் கூப்பிட்டு அறிவுரை சொல்லியிருப்பார்.

இன்னும் சொல்லலாம். ஜிம் ஃப்யூரிக் மட்டையை மேலே கொண்டுபோய் ஒரு வளையம் சுற்றி வேறு வழியில் இறக்குவார். மரத்திலிருந்து ஆக்டோபஸ் விழுவதுபோல இருக்கிறது என்று ஒரு வர்ணனையாளர் கிண்டல் செய்திருக்கிறார். அவருக்குப் பயிற்சியாளர் அவருடைய அப்பாதான். அப்பா அந்த வளையத்தை நேராக்கப் போகவில்லை. மகன் 2003-இல் யூ.எஸ். ஓபன் வென்றார், 2016-இல் 58 அடித்தார். பிஜிஏ டூரில் அதற்குமுன் யாரும் அடிக்காத எண். ஸ்காட்டி ஷெஃப்லரின் பாதங்கள் அடிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். என் பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தால் முதல் வகுப்பிலேயே மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அவர் மாஸ்டர்ஸை இரண்டுமுறை வென்றார். இவ்வளவு தூரம் போகவேண்டாம். 2009-இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர்.

மறுப்பு வரும், தெரியும். டைகர் உட்ஸ்? 1997-இல் மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் வென்ற கையோடு, தன் ஸ்விங்கையே பிரித்து மறுபடி கட்டினார். 1998-இல் பிஜிஏ டூரில் ஒரே ஒரு வெற்றி. பிறகு 2000, 2001-இல் தொடர்ந்து நான்கு மேஜர். திருத்துவது வேண்டாம் என்றால் இது எப்படி?

இது வலுவான வாதம், தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் டைகர் தன் ஸ்விங் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பிரிக்கவில்லை. பந்தை எவ்வளவு தூரம் அனுப்புகிறோம் என்பதில் அவருக்குப் போதிய கட்டுப்பாடு இல்லை என்று பந்து சொன்னது. அதைக் கேட்டுத்தான் பிரித்தார், முழுநேரமும் பக்கத்தில் புட்ச் ஹார்மன் நிற்க. அதைப் பார்த்து, சனிக்கிழமை காலை ஐம்பது பந்து அடிக்கிறவன் 'நானும் ஸ்விங்கை மாற்றிக்கொண்டிருக்கிறேன்' என்று பெருமையாகச் சொல்கிறான். நானும் சொல்லியிருக்கிறேன். மோசமாக ஆடுவதற்கு அதைவிட கௌரவமான சாக்கு கிடையாது.

அமெச்சூருக்கு என்ன ஆகும் என்பதற்குச் சார்லஸ் பார்க்லி இருக்கிறார். கூடைப்பந்தின் மாபெரும் ஆட்டக்காரர். கோல்ஃப் மட்டையை இறக்கும்போது மட்டும் பாதியில் கரண்ட் போன மிக்ஸி மாதிரி நின்று தடுமாறுவார். அதைச் சரிசெய்ய டைகரின் பயிற்சியாளராக இருந்த ஹாங்க் ஹேனி 2009-இல் ஒரு முழு டிவி தொடரே நடத்தினார். உலகத்தின் சிறந்த கண், கேமரா, நேரம், பணம், எல்லாம் இருந்தது. தொடர் முடிந்தது, தடுமாற்றம் முடியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மட்டை உச்சியிலிருந்து பந்துக்கு வர எடுக்கும் நேரம் சுமார் கால் நொடி. கண்ணால் கண்டதற்கு மனிதன் கை அசைக்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அடிபட்டது என்று கை மூளைக்குச் சொல்லும்போது பந்து போயே போச்சு. இந்தக் கால் நொடிக்குள் 'முழங்கையை இடுக்கு, இடுப்பைத் திருப்பு, மணிக்கட்டைப் பிடித்து வை, தலையைத் தூக்காதே' என்று நான்கு கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். எந்தக் கட்டளையும் போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. போய்ச் சேர்ந்தது பதற்றம் மட்டுமே. காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1999-இல் புதிதாகப் பழகுகிறவர்களை வைத்து கோல்ஃப் ஷாட்டிலேயே இதைச் சோதித்தார்கள். கைகளின் அசைவைக் கவனி என்று சொல்லப்பட்டவர்களைவிட, மட்டையின் வீச்சைக் கவனி என்று சொல்லப்பட்டவர்கள் துல்லியமாக அடித்தார்கள். கவனம் உடம்பைவிட்டு வெளியே போனால் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் எதையும் திருத்தவே வேண்டாமா? வேண்டும். பிடியைத் திருத்தவேண்டும். அது அசையாமல் நிற்கும்போதே செய்துமுடிக்கக்கூடிய வேலை, கால் நொடிக்குள் நினைக்கவேண்டியதில்லை. குனிந்து பார்த்தால் இடதுகையில் ஒரு விரல்முட்டிதான் எனக்குத் தெரிந்தது. கையை வலப்பக்கமாகத் திருப்பி, இரண்டரை முட்டி தெரியும்படி பிடித்தேன். செய்ய பத்து நொடி ஆனது. மற்றவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோன்ற அந்த உணர்வு போக இரண்டு மாதம் ஆகியும் பாதிதான் போயிருக்கிறது.

பிடியை மாற்றிய முதல் நாள் என்ன நடந்தது என்பதை யாரும் காணொளியில் காட்டுவதில்லை, அதனால் சொல்கிறேன். பந்து இடப்பக்கம் போனது. இடப்பக்கம் கிளம்பி இன்னும் இடப்பக்கம் வளைந்து ரேஞ்சின் வலையில் போய் அறைந்தது. முகம் இப்போது மூடிக்கொண்டு வருகிறது, பாதை இன்னும் பழைய பயத்தில் இடப்பக்கமே இழுக்கிறது, அப்படித்தான் போகும். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு முன்னைவிட மோசம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் பழைய பிடிக்கே திரும்பிவிடுகிறார்கள், அடுத்த காணொளியைத் தேடுகிறார்கள். நான் கேடி அண்ணாவுக்குப் போன் போட்டேன்.

"எடது பக்கம் போவுதா? போவட்டும் சார். பாத்துக்கினே இருங்க. கையே பயந்துக்கினு வலது பக்கம் வீச ஆரம்பிச்சிடும். நீங்க ஒன்னும் பண்ணாதீங்க."

திங்கட்கிழமை மைதானம் மெம்பர்களுக்கு விடுமுறை, கேடிகள் ஆடிக்கொள்ளலாம். ஒரு திங்கள் லீவு போட்டுவிட்டு வேலியோரம் நின்று அவர் ஆடுவதைப் பார்த்தேன். சிறுவயதில் இரும்புக் கம்பியை வளைத்து மட்டையாக்கிக்கொண்டு பழகியவர். மட்டை இடுப்புயரத்தில் தட்டையாகப் பின்னால் போகிறது, புல் அறுக்கிறவர் அரிவாள் வீசுவதுபோல. வலது பாதம் முழுசாகத் தரையைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. முடிவில் ஒரு சின்னத் துள்ளல் வேறு. மஞ்சள் கோடு போட்டால் திரையே மறைந்துவிடும். பந்து கொஞ்சம் வலப்பக்கம் கிளம்பி, மெதுவாக உள்ளே வளைந்து, நடு ஃபேர்வேயில் விழுந்தது. அடுத்ததும் அதேபோல. அடித்த கணமே தலையைத் தூக்கி, கண்மேல் கைவைத்து, பந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு பந்தையும்.

போன சனிக்கிழமை ரேஞ்சில் என் பக்கத்து மேட்டில் ஒரு பெரியவர். நான் அடித்ததைப் பார்த்துவிட்டு மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தம்பி, நல்ல ஸ்விங். தலையை மட்டும் சீக்கிரம் தூக்கிடறீங்க."

"ஆமா அங்கிள்" என்றேன். மறுத்துப் பேச எனக்கும் வாய் வரவில்லை. அவருடைய பந்து வலப்பக்கமாக வளைந்துபோவதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவர் பார்க்கவில்லை. குனிந்து நின்றார். இடதுகையில் ஒரு முட்டிதான் தெரிந்தது.

அடுத்த பந்தை வைத்து அடித்தேன். இடப்பக்கம் கிளம்பியது. வளைந்தது, ஆனால் நேற்றைவிடக் கொஞ்சம் குறைவாக. வலைக்கு முன்னால் நூற்றைம்பது என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் விழுந்து இரண்டுமுறை எழும்பி நின்றது. வாளியில் இன்னும் முப்பது பந்துகள் இருந்தன.